இரண்டு சிம் போடுகிற போன்

திருகோணமலை
20.01.2025

சகோதரி சுதர்ஷிகாவுக்கு,

சிறில் எழுதுவது. உன் அப்பா சிறில். வேறு சிறில் யாராவது உனக்குக் கடிதம் எழுதுவார்களோ தெரியாது, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

நீ பண்டாரவளை மடத்துக்குப் போய் ஒன்றரை வருடம். உன் அம்மா மாதா மாதம் எழுதுகிறாள். நான் எழுதவில்லை. இப்போதும் சமாதானம் பேச எழுதவில்லை. ஓகஸ்ட் பதினைந்தில் நீ துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது நான் அங்கே வரமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். மூன்று வருடம் அகீலின் போன் கடையில் வேலை செய்து நல்ல பெயர் எடுத்த பிள்ளை, ஒரு நாள் காலையில் பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே "அப்பா, நான் மடத்துக்குப் போகப் போறன்" என்றால் எந்தத் தகப்பன் கை தட்டுவான்? அது கிடக்கட்டும். இது தொழில் சம்பந்தமான கேள்வி.

என் போன் சாகப் போகிறது. பற்றறி வீங்கிப் பின்மூடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. வட்ஸ்அப்பும் இனி இந்தப் போனில் ஓடாது என்று அதுவே அறிவித்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ஐபோனா அன்ட்ரொய்டா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். என்னோடு முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகில் இருந்த ஜமால்தீன் போன கிழமை மூதூரிலிருந்து வந்து, "சிறில், ஐபோன எடுத்துப் போடு, ஏழு வரிசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்ல" என்றான். அவன் வைத்திருப்பது அன்ட்ரொய்ட். பங்குத் தந்தை வைத்திருப்பது ஐபோன். அவர் என்னை அன்ட்ரொய்ட் வாங்கச் சொல்கிறார். இவர்கள் இரண்டு பேரும் முதலில் தங்கள் போன்களை மாற்றிக்கொள்ளட்டும், பிறகு எனக்குப் புத்தி சொல்லட்டும்.

பெரிய கப்பலை இழுத்துக் கொண்டுவந்து கரையில் அணைக்கும்போதுகூட எனக்கு இவ்வளவு குழப்பம் வந்ததில்லை. அதில் இடது, வலது என்று இரண்டு பக்கம்தான்.

நீ அந்தக் கடையில் நின்றவள் என்பதால் மட்டும் கேட்கிறேன். எனக்கு இரண்டு சிம் போடுகிற போனாக இருக்க வேண்டும். அது கட்டாயம். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

சிறில்


பண்டாரவளை
02.02.2025

அன்புள்ள அப்பா,

இங்கே நவதுறவியருக்குப் போன் இல்லை, மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கடிதம் எழுதலாம். அதனால் பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதீர்கள்.

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் குசினிக்குப் பின்னால் போய் நின்று பிரித்தேன். அம்மாவுக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். "ஐபோனா அன்ட்ரொய்டா" என்று வாசித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோட்டத்துக் கோவாப் பாத்திக்கு இரண்டாம் தடவை தண்ணீர் விட்டேன்.

சரி, தொழில். கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, எது நல்ல போன் என்று இல்லை. பழுதானால் யாரிடம் ஓடுவீர்கள் என்றுதான் கேட்பேன். ஐபோன் நல்லது. உறுதியானது, அழகானது. ஆனால் அது மின்னஞ்சல், கடவுச்சொல், இரண்டாவது கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நீங்கள் ஜீமெயில் கடவுச்சொல்லைக் கலண்டரில் எழுதி வைத்து, வருடம் முடிந்ததும் கலண்டரை எறிந்தவர். அன்ட்ரொய்ட் என்றால் உங்கள் கை ஏற்கெனவே பழகியது. அகீல் நானா பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் போகலாம் அப்பா, என் மேலுள்ள கோபத்தை அவர் கடை மேல் காட்டாதீர்கள்.

ஒன்றரை வருடமாகப் போனைத் தொடாதவள் சொல்கிறேன் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த நேரம் எல்லாம் மாறியிருக்கும்.

ஒரு விஷயம் புரியவில்லை. உங்களிடம் ஒரு எண்தானே? இரண்டு சிம் எதற்கு?

அன்புடன்,
சுதர்ஷிகா


திருகோணமலை
18.02.2025

சுதர்ஷிகாவுக்கு,

குழப்பம் முன்பு ஒரு மடங்கு என்றால் இப்போது மூன்று மடங்கு.

உன் சித்தப்பா மகன் ஜக்சன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். வந்த அன்றே தான் இரண்டு வருடம் பாவித்த ஐபோனை என் கையில் வைத்து, "பெரியப்பா, இனி நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்" என்றான். நான் யோசிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அவன் கொழும்புக்குப் போனபிறகு சிம் போடலாம் என்று எடுத்தால் சிம் போட இடமே இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. சிம் தட்டைத் திறக்கிற ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஒன்றில் கொஞ்சம் உள்ளே போனது. ஆனால் தட்டு வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

உன் அம்மா குசினியிலிருந்து, "இஞ்சேருங்கோ, அது போன், நண்டில்ல. குத்தாதேங்கோ" என்றாள்.

பிறகு ஜக்சனுக்கு வீட்டு வைபையில் வட்ஸ்அப் கோல் எடுத்தேன். அவன் கதைப்பது எனக்குக் கேட்கிறது, நான் கதைப்பது அவனுக்குக் கேட்கவில்லை. கத்தினேன். அப்போதும் கேட்கவில்லை. இதுதான் ஐபோனின் குணமா? தான் சொல்வதை மட்டும் நாங்கள் கேட்க வேண்டுமா?

அமெரிக்காவில் ஆட்கள் சிம் போடாமல் எப்படிக் கதைக்கிறார்கள் என்று எழுது.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இல்லை. இரண்டு சிம் தேவை என்றால் தேவை.

சிறில்


பண்டாரவளை
02.03.2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் குத்திய துளை மைக். அதனால்தான் ஜக்சன் அண்ணாவுக்கு உங்கள் குரல் கேட்கவில்லை. ஐபோனின் குணம் அல்ல, ஊசியின் குணம். கடையில் கிழமைக்கு ஒருவராவது இதே காயத்தோடு வருவார்கள், வெட்கப்படாதீர்கள். அகீல் நானாவிடம் கொடுத்தால் மாற்றித் தருவார்.

அமெரிக்காவில் விற்கிற புதிய ஐபோன்களில் சிம் போட இடம் கிடையாது. எண்ணைப் போனுக்கு உள்ளேயே பதிந்து கொடுப்பார்கள், அதற்குப் பெயர் ஈசிம். எங்கள் ஊர் எண்களையும் அப்படி மாற்றலாம். இரண்டு எண்கூட வைக்கலாம். ஆனால் எண் யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அந்த ஆள் தன் அடையாள அட்டையோடு போன் கொம்பனியின் கவுண்டருக்குப் போக வேண்டும்.

உங்கள் எண் உங்கள் பெயரில் இருக்கிறது. மற்ற எண் யாருடைய பெயரில் இருக்கிறது?

அப்பா, நான் கடையில் மூன்று வருடம் நின்றவள். ஒரு ஆள் ஒரு எண்ணுக்கு மட்டும் ஏன் அடம் பிடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து நேராக எழுதுங்கள்.

சுதர்ஷிகா


திருகோணமலை
20.03.2025

சுதர்ஷிகாவுக்கு,

நேராக எழுதுகிறேன். அது உன் எண்.

போகிற அன்று போனை அம்மாவிடம் கொடுத்தாய். சிம்மைக் கழற்றி மேசையில் வைத்து, "இத எறிஞ்சு விடுங்கோ" என்றாய். நான் கதிரையில் மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன், எனக்குக் கேட்டது உனக்குத் தெரிந்திருக்காது. உன்னை ஏற்றிக்கொண்டு வான் போன பிறகு அதை எடுத்து என் போனில் இரண்டாவது இடத்தில் போட்டேன். மாதா மாதம் காசு கட்டி றீலோட் போட்டுவிடுவேன். போடாமல் விட்டால் கொம்பனிக்காரன் எண்ணை வெட்டி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவானாம். உன் எண்ணில் வேறு யாரோ "ஹலோ" என்று சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கோல்கள் வரும். கிண்ணியாவிலிருந்து நஜ்முன் நிஸா என்று ஒரு அம்மா, உன் பழைய வாடிக்கையாம், பச்சை நிறக் கவர் வந்துவிட்டதா என்று கேட்பா. உன்னோடு படித்த பிள்ளைகள் எடுப்பார்கள். சாம்பல்தீவிலிருந்து ஒரு கல்யாணத் தரகர் உன் வயதைக் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "சுதா வெளியில போயிருக்கிறாள், வந்தவுடன சொல்றன்."

இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. நீ திரும்பி வருவாய் என்றுதான் நினைத்தேன். குளிரும் கோவாப் பாத்தியும் எத்தனை நாளைக்கு? வந்து நின்றால் உன் கையில் கொடுக்க உன் எண் இருக்க வேண்டாமா? ஓகஸ்ட் பதினைந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மனம் மாறினால் பஸ் நிலையத்திலிருந்து ஒரு கோல் எடு, நான் வருவேன்.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது என் எண்ணிலிருந்து உன் எண்ணுக்கு எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே போனுக்குள்தான். தொடர்பு கொள்ள முடியாது என்று கொம்பனியின் பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

ஆகவே ஜக்சனின் போனா, இரண்டு சிம் போடுகிற வேறு போனா என்று நீதான் முடிவு சொல்ல வேண்டும். ஜக்சனின் போன் என்றால் உன் அடையாள அட்டைப் பிரதியும் சம்மதக் கடிதமும் அனுப்பு. கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா


பண்டாரவளை
06.04.2025

அப்பா,

ஒன்றரை வருடமாக நான் வெளியில் போயிருக்கிறேனா? சந்தைக்குப் போன ஆளைப் போலவா?

எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடு பூசைக்குப் போக முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் போனது உங்களைப் பிடிக்காமல் அல்ல. கடையில் வேலை கசந்ததாலும் அல்ல. எனக்கு அந்தக் கடையும் பிடித்திருந்தது, நீங்கள் பின்னேரம் வந்து கண்ணாடிக்கு வெளியே சும்மா நின்றுவிட்டுப் போவதும் பிடித்திருந்தது. அதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் அதை நம்பாமல், என்னை ஒரு சிம்முக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூன் முதலாம் திகதிக்கு முன்பு, வார்த்தைப்பாடு கொடுக்க விரும்புகிறேன் என்று என் கையால் விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு மூன்றாவதைத் தொடங்கவே முடியவில்லை. அந்த எண் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, கோவிலில் அமைதியாக இருக்கும்போது அது எங்கோ அடித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. வருவதா இருப்பதா என்று எனக்கே தெரியவில்லை. இது அழைப்பா, வெறும் பிடிவாதமா என்றும் தெரியவில்லை. பிடிவாதம் என்றால் அது உங்களிடமிருந்து வந்ததுதான்.

அடையாள அட்டைப் பிரதி அனுப்ப மாட்டேன். தயவுசெய்து சிம்மைக் கழற்றுங்கள். றீலோட் போடாதீர்கள். நான் முடிவெடுப்பதாக இருந்தால் எனக்காக யாரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

உங்களுக்கு எந்தப் போன் நல்லது என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியாது.

சுதர்ஷிகா


திருகோணமலை
30.05.2025

பிள்ளைக்கு,

கழற்றிவிட்டேன். நீ சொன்ன பிறகும் மனம் கேட்காமல் கடைசியாக றீலோட் போட்டது மே முதலாம் திகதி. சிம்மை உன் ஞானஸ்நானச் சான்றிதழோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். எறியச் சொன்னாய், அது மட்டும் ஏலாது.

கழற்றுவதற்கு முதல் ஒரு வேலை செய்தேன். உன்னைத் தேடி எடுத்தவர்களின் எண்கள் எல்லாம் போனில் இருந்தன. ஒரு முழுக் காலை கதிரையில் இருந்து ஒவ்வொருவராக எடுத்தேன். "நான் சுதர்ஷிகாவின்ட அப்பா. அவள் வெளியில போகேல்ல, மடத்தில இருக்கிறாள். சிஸ்டராகப் போறாளாம்." முதல் ஆளுக்கு இரண்டு தடவை தொடங்கித்தான் சொல்லி முடித்தேன். நாலாவது ஆளுக்குக் கொஞ்சம் சுலபமாக வந்தது. தரகர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கிண்ணியா அம்மா எந்த மடம் என்று கேட்டா. பிறகு, "நல்ல புள்ள அது. எனக்காகவும் துஆக் கேக்கச் சொல்லுங்க வாப்பா" என்றா. இதோ உனக்குச் சொல்லிவிட்டேன்.

நீ சிஸ்டராகப் போகிறாயா இல்லையா என்று உனக்கே தெரியாது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் ஊர் முழுக்க நான் சொன்னது இரண்டாவது பொய்யா? அதுவும் தெரியவில்லை.

போன் வாங்கவில்லை. பழையதற்கு இறப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

அப்பா


பண்டாரவளை
06.07.2025

அன்புள்ள அப்பா,

பொய் இல்லை. மே முப்பத்தோராம் திகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கடிதம் வந்தது அதற்கு மூன்று நாளைக்குப் பிறகு. இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் கழற்றியதால் நான் எழுதவில்லை, நானாகத்தான் எழுதினேன். குழப்பம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது கூடவே வந்தால் வரட்டும் என்று முடிவெடுத்தேன். போன கிழமை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று சொன்னார்கள்.

வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு மன்னாரில் பெண் பிள்ளைகளின் விடுதிக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெற்றோர் கோல் எடுப்பதற்கு விடுதிச் சகோதரிக்கு, அதாவது எனக்கு, ஒரு போன் கொடுப்பார்களாம். மடத்துத் தலைவி மதர் அதை எடுத்துக் காட்டினார். யாரோ பாவித்த சின்ன அன்ட்ரொய்ட், மூலையில் வெடிப்பு, ஆனால் நல்ல போன், பார்த்தவுடன் விலை சொல்லக் கை பரபரத்தது. "சிம் புதிதாக எடுக்க வேண்டும்" என்று மதர் சொன்னார்.

"மதர், என்னிடம் ஒரு எண் இருக்கிறது" என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மதர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கழற்றச் சொன்னதும் நான்தான், இப்போது கேட்பதும் நான்தான், கோபிக்காதீர்கள். அந்த எண் இன்னும் உயிரோடு இருந்தால் ஒரே ஒரு தடவை றீலோட் போடுங்கள். தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள், தொலைந்துவிடும்.

நீங்கள் வரமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அம்மாவிடம் கொடுத்துவிட்டாலும் போதும்.

நஜ்முன் நிஸா அம்மாவுக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன். பச்சைக் கவர் கிடைத்ததா என்று கேளுங்கள்.

அன்புடன்,
சுதா


திருகோணமலை
01.08.2025

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அலுமாரியைத் திறந்தேன். சிம்மை எடுத்துப் பழைய போனில் போட்டு அகீலின் கடைக்குப் போனேன். றீலோட் போட்டான். ஒன்றும் வரவில்லை. போனை நிறுத்தித் திரும்பப் போட்டான். அப்போதும் ஒன்றும் வரவில்லை. நான் போனை அவன் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். அகீல் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, "இரிங்க அங்கிள், அவசரப்படாதீங்க, சில நேரம் சுணங்கும்" என்றான். கடையில் மற்ற ஆட்களும் வந்த வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். பிறகு ஒரு சிக்னல் கோடு வந்தது, அடுத்தது வந்தது, நாலும் வந்தது. அகீல் கை தட்டினான். நானும் தட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் தட்டாததையும் சேர்த்துத் தட்டினேன் என்று வைத்துக்கொள்.

கவுண்டர்ப் பிள்ளையிடமும் விசாரித்தேன். எண் வெட்டுப்பட இன்னும் சில நாள்தான் இருந்ததாம்.

ஜக்சனின் போனுக்கு மைக் மாற்றியாகிவிட்டது. இரண்டு சிம் போடுகிற அன்ட்ரொய்ட் ஒன்றையும் அகீல் எடுத்து வைத்திருக்கிறான். இப்போது எனக்கு ஒரு எண் போதும். அதனால் எதை எடுத்தாலும் சரி. எதை எடுத்தாலும் சரி என்றால் எதை எடுப்பது? நீ பிழையான நேரத்தில் என் பிரச்சினையைத் தீர்த்துவிட்டாய். அகீல் இரண்டையும் பெட்டியோடு கொண்டுபோய் உன்னிடம் காட்டச் சொல்லித் தந்திருக்கிறான். பூசை முடிந்து ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்துச் சொல். சிஸ்டர்மாரிடம் இப்படிக் கேட்கலாமோ தெரியாது, மதரிடம் அனுமதி வாங்கி வை.

ஓம், வருகிறேன். பதினாலாம் திகதி காலை பஸ். அம்மா ஜன்னல் பக்கம், நான் மற்றப் பக்கம். சிம்மைச் சின்னக் கடதாசியில் ஒட்டி, சட்டைப் பையில் வைத்து, மேலே ஊசி குத்தியிருக்கிறேன். இந்தத் தடவை சரியான இடத்தில்தான் குத்தினேன்.

அதை உன் போனில் போட்டதும் நான் முற்றத்துக்குப் போய் நின்று ஒரு கோல் எடுப்பேன். அது என் போனுக்குள் இருந்தபோது நான் எடுத்த கோலுக்கு மட்டும் மணி அடிக்கவே இல்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துவிடாதே.

அப்பா